கடலடி எண்ணெயும் ஆய்வுகூடக் கணக்கும்

நெடுந்தீவுக் கிணறொன்றில் மொண்ட ஒரு குடம் நீர் வீடு வந்து சேர்ந்த பின்னும் ஒரு குடமே. நிலத்தின் ஆழத்திலுள்ள எண்ணெயின் இயல்பு அதுவன்று. அங்கே நிலவும் பேரமுக்கத்தினால் அதனுள் வாயு கரைந்திருக்கும். மேலே வருகையில் அமுக்கம் தணிய, வாயு பிரியும், எண்ணெய் சுருங்கும். எனவே கீழேயுள்ள பீப்பாய் வேறு, விற்பனைக்கு வரும் பீப்பாய் வேறு.

இந்த வேறுபாடு யாழ்ப்பாணத் தீவுகளின் அயற்கடலிலும் பொருளுடையதாக நேர்ந்த காலம் ஒன்றுண்டு. 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணையில் எல்லை வகுத்தன. 1976இல் மராதன் என்னும் அமெரிக்கக் கொம்பனி அந்நீரிணையில் ‘நெடுந்தீவு-1’ என்ற கிணற்றைத் துளைத்தது. வணிகத்துக்கு உதவும் எண்ணெய் அங்கே அகப்படவில்லை. ஆயினும், அதே காவிரிப் படுகையின் தமிழ்நாட்டுப் பகுதியில், நரிமணத்தில், 1980களில் எண்ணெய் கண்டறியப்பட்டது.

எண்ணெய் கிடைத்தால் அதன் மாதிரி ஆய்வுகூடத்துக்குச் செல்லும். அங்கே, நிலத்தடி வெப்பநிலையிலேயே அமுக்கத்தைப் படிப்படியாகக் குறைத்து, பிரியும் வாயுவை ஒவ்வொரு படியிலும் அகற்றுவர். எண்ணெய் வயலிலோ, குளிர்ந்த பிரிகலன்கள் சிலவற்றின் வழியே எண்ணெய் தாங்கிக்குச் செல்லும். அங்கே இலேசான கூறுகள் வாயுவோடு போவது குறைவு. எஞ்சும் எண்ணெய் பொதுவாக அதிகம்.

இத்தகைய ஆய்வுகூட அளவுகளை எண்ணெய்த்தேக்கக் கணக்குகளிற் பயன்படுத்துவது பற்றி டொட்சன், குட்வில், மேயர் ஆகியோர் 1953இல் ஆராய்ந்து எழுதினர். பின்னர் வழக்கில் நிலைத்த திருத்தம் எளியது. ஓர் உதாரணம் கொள்வோம். நிலத்தடியில் 2,100 பீப்பாய் உண்டு. ஒரு பீப்பாய் எண்ணெய்க்குக் கீழே 1.5 பீப்பாய் வேண்டுமென ஆய்வுகூடம் கூறினால், மேலே கிடைப்பது 1,400. பிரிகலச் சோதனை 1.4 என்று காட்டினால், கிடைப்பது 1,500. ஆகவே ஆய்வுகூட எண் ஒவ்வொன்றையும் 1.4க்கு 1.5 என்ற விகிதத்தாற் குறைத்துத் திருத்துவர்.

நூறு பீப்பாய் சிறு தொகையாகத் தோன்றலாம். பல கோடிப் பீப்பாய் கொண்ட தேக்கத்தில், கிணறு தோண்டுவதா கைவிடுவதா என்பதையும், நாட்டுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதையும் அவ்வேறுபாடு மாற்றிவிடும். நெடுந்தீவுக் கடலில் அக்கணக்குக்கு அன்று தேவை எழவில்லை. ஆயினும், கடலின் நடுவே வகுத்த எல்லையின் இருபுறமும் ஒரே படுகை நீண்டு கிடக்கிறது. அங்கே எண்ணெய் தேடுவோர் எவராயினும், தம் பங்கைப் பேசுமுன் இத்திருத்தத்தைச் செய்தே ஆகவேண்டும்.