இருகட்சி ஆட்சியும் மாவோரி மக்களின் தனித்தொகுதிகளும்

இரு பெருங்கட்சிகள் மாறி மாறி ஆளும் முறையே நிலையான ஆட்சிக்கு ஏற்றது என்று அரசியல் அறிஞர் பலர் கூறிவந்துள்ளனர். ஆட்சி நிலைபெறுவது நன்றே. ஆயினும் எண்ணிக்கையில் சிறியதாய், உரிமையில் பின்தள்ளப்பட்டதாய் உள்ள ஒரு மக்கட்பிரிவுக்கு அம்முறை என்ன தந்தது என்பதையே நாம் முதலில் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். இதற்கு நியூசிலாந்தின் வரலாறு தக்க சான்றாகும். 1932-இல் அண்ணல் அம்பேத்கர் நமக்காகப் போராடிப் பெற்று, பூனா ஒப்பந்தத்தால் இழக்க நேர்ந்த தனி வாக்காளர் தொகுதி முறையை, அந்நாட்டின் பூர்வகுடிகளாகிய மாவோரி மக்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெற்றிருக்கின்றனர்.

1867-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு நான்கு இடங்களை ஒதுக்கியது. அங்கே நிற்பவரும் மாவோரி, வாக்களிப்பவரும் மாவோரி. மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் அதைப்போல் மும்மடங்குக்கு மேல் கிடைத்திருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு மட்டும் என்று தொடங்கிய ஏற்பாடு 1876-இல் காலவரையறையின்றி நீட்டிக்கப்பட்டது. நான்கு என்ற எண் மட்டும் 1993 வரை அசையவில்லை. வெள்ளையருக்கு 1870-இலேயே வந்த இரகசிய வாக்குச்சீட்டு, மாவோரி தொகுதிகளுக்கு 1938-இல்தான் வந்தது. அதுவரை இன்னாருக்கு என் வாக்கு என்று அலுவலர் அறியவே சொல்லியாக வேண்டும். நிலம் பறிகொடுத்த மக்கள் அவ்வாறு வாக்களிப்பது எத்தகையது என்பதை நம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை.

1936-இல் ராட்டனா என்னும் சமயப் பெரியாரின் இயக்கம் தொழிற்கட்சியுடன் உடன்பாடு கண்டது. ஏழை மாவோரிகளுக்கு ஓய்வூதியமும் வீடும் அக்கட்சியால் கிடைத்தன என்பது மெய். அதை மறைப்பது நேர்மையன்று. 1943 முதல் 1990 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் நான்கு இடங்களும் அக்கட்சிக்கே சென்றன. விளைவு யாது? தொழிற்கட்சிக்கு அவ்வாக்குகள் எப்படியும் வரும். எதிரணியாகிய நேஷனல் கட்சிக்கு எப்படியும் வாரா. ஆகவே அவற்றுக்காக உழைக்க வேண்டிய நெருக்கடி இருவருக்கும் இல்லாமற் போயிற்று. தனி வாக்காளர் தொகுதி இருந்தும், போவதற்கு வேறு இடம் இல்லாததால் அம்மக்கள் கட்டுண்டு கிடந்தனர். நம் இழப்பு முழுவதையும் பூனாவின் கணக்கில் மட்டும் எழுதுவோர் இதனை ஊன்றி நோக்க வேண்டும்.

மாட்டியு ராட்டா என்பவர் தொழிற்கட்சியின் அமைச்சராயிருந்து, 1975-இல் வைட்டாங்கி நடுவர் மன்றம் அமையக் காரணமானவர். அவரே மனம் கசந்து 1979-இல் கட்சியை விட்டு விலகினார். பதவியைத் துறந்து, 1980 இடைத்தேர்தலில் தாம் தொடங்கிய கட்சியின் சார்பில் நின்றார், தோற்றார். இருகட்சி முறையில் தன்மானத்துக்கு விதிக்கப்படும் விலை அது.

மாற்றம் பிறிதோர் அநீதியால் வந்தது. 1978-இலும் 1981-இலும் தொழிற்கட்சி அதிக வாக்குகளைப் பெற்றும், நேஷனல் கட்சியே ஆட்சி அமைத்தது. 1981-இல் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் ஆதரித்த சோஷியல் கிரெடிட் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். 1986-இல் அரச ஆணையம் விகிதாச்சாரம் கலந்த தேர்தல் முறையைப் பரிந்துரைத்தது. அது வந்தால் மாவோரி தொகுதிகள் வேண்டா என்றும் கூறியது. மாவோரி தலைவர்கள் அதற்கு இணங்கவில்லை, தொகுதிகள் நிலைத்தன. 1993 பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு 54 பேர் அளவில் புதிய முறையை ஏற்றனர். மாவோரி வாக்காளர் பட்டியலின் அளவுக்கேற்பத் தொகுதிகள் ஐந்து, ஆறு, 2002 முதல் ஏழு என உயர்ந்தன.

1996-இல் ஐந்து மாவோரி இடங்களும் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் என்னும் சிறிய கட்சிக்குச் சென்றன. அக்கட்சி இரண்டே ஆண்டில் பிளவுபட, 1999-இல் அவ்விடங்கள் தொழிற்கட்சிக்கே திரும்பின. ஆனால் இம்முறை அவை இரந்து பெறப்பட்டவை. 2004-இல் கடற்கரை நிலம் பற்றிய சட்டம் மாவோரி உரிமைக் கோரிக்கைகள் நீதிமன்றம் செல்லும் வழியை அடைத்தபோது, டாரியானா டூரியா அமைச்சர் பதவியை விட்டு வெளியேறி மாவோரி கட்சியைத் தொடங்கினார். ராட்டாவைப் போலவே இடைத்தேர்தலில் நின்றார்; வென்றார். 2008-இல் நேஷனல் ஆட்சிக்கு அக்கட்சி துணைநின்றது. 2011-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. மாற்றாக வந்த சட்டம் போதாது என்று அக்கட்சிக்குள்ளேயே பிளவு நேர்ந்தது வேறு கதை.

பலகட்சி முறையைப் புகழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. சிறிய கட்சிக்குக் கிடைக்கும் பேரம் பேசும் வலிமை, ஒடுக்கப்பட்டோரின் கட்சிக்கு மட்டும் உரியதன்று. 2023-இல் மாவோரி கட்சி ஏழில் ஆறு தொகுதிகளை வென்றது. ஆயினும் எதிர்வரிசையிலேயே அமர்ந்தது. ஆட்சியில் பங்குபெற்ற ஏசிடி என்னும் சிறிய கட்சி, 1840 வைட்டாங்கி உடன்படிக்கையின் கோட்பாடுகளைத் தன் விருப்பப்படி வரையறுக்கும் மசோதாவை 2024-இல் கொண்டுவந்தது. அதை எதிர்த்துப் பல்லாயிரவர் வெலிங்டன் நோக்கி நடந்தனர். 2025 ஏப்ரலில் மன்றம் அம்மசோதாவை 112-க்கு 11 என்ற வாக்குகளால் தள்ளியது. கூட்டணியின் மற்றிரு கட்சிகளும் எதிர்த்தே வாக்களித்தன.