மோலாவில் தொடங்கிய வழிகாட்டிகள்

பெண்பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகாததற்கு ஊர் வழக்கமே காரணம் என்று வெளியார் நினைத்தார்கள். 1991இல் ஜிம்பாப்வேயின் மோலாவுக்குப் போன ஆன் காட்டன் என்பவர் கண்டதோ வறுமையை: கையில் காசு குறைந்த வீடுகளில் மகனுக்கே கட்டணம் கட்டினார்கள். 1993இல் அவர் தொடங்கிய கேம்ஃபெட் என்ற தொண்டு நிறுவனம் முதலில் 32 சிறுமிகளைப் படிக்கவைத்தது. ஆனால் கட்டணம் மட்டும் போதாது. சீருடை கிடைத்த பிறகும் பாடம் புரியாமலோ, கல்யாணப் பேச்சு எழுந்தோ பிள்ளை நின்றுவிடலாம். கேம்ஃபெட் உதவியால் படித்து முடித்த பெண்கள் 1998இல் காமா என்ற அமைப்பாகத் திரண்டார்கள்; பின்னாளில் அவர்களில் பலர் உள்ளூர்ப் பள்ளிகளிலேயே வழிகாட்டிகளானார்கள். பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்கே போய் விசாரிக்கிறார்கள். அந்த வறுமையைத் தாண்டி வந்தவள் சொன்னால் தாய் தகப்பன் காதுகொடுக்கிறார்கள்.

இந்த வழிகாட்டிகளுக்குச் சம்பளம் கிடையாது. ஏழைப் பெண்ணிடம் இப்படி வேலை வாங்கலாமா என்ற கேள்வி நியாயமானது. ஈடாக வட்டியில்லாக் கடனும் தொழிற்கல்விச் சான்றிதழ் பெறும் வாய்ப்பும் கேம்ஃபெட் தருகிறது. அது போதாது, இந்தப் பணிக்கு அரசுகள் ஊதியம் தர வேண்டும்.