அமெரிக்கத் தனியார் பள்ளிகளும் சிறப்புக் கல்விப் பொறுப்பும்

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சிறப்புக் கல்வி தருவது உள்ளூர்க் கல்வி மாவட்டத்தின் கடமை. பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும் அந்தக் கடமை முழுதாக நீங்கிவிடாது. எவ்வளவு மிஞ்சுகிறது என்பதில்தான் இத்தனை வழக்குகளும்.

1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், இப்பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வியை இலவசமாகத் தர வேண்டும் என்றது. மாவட்டம் தானே ஒரு பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பினால் செலவு முழுவதும் மாவட்டத்தைச் சேரும். மாவட்டத்தின் திட்டம் போதாதென்று பெற்றோரே மாற்றிச் சேர்த்தால்? மாசசூசெட்ஸின் பர்லிங்டன் வழக்கில், 1985இல், உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது: மாவட்டம் தர முன்வந்த கல்வி தகுதியற்றதாகவும், தனியார் பள்ளியின் கல்வி தகுந்ததாகவும் இருந்தால் கட்டணத்தைத் திருப்பித் தர உத்தரவிடலாம். மாநில அங்கீகாரம் இல்லாத பள்ளிக்கும் இது பொருந்தும் என்று 1993இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

அதே 1993இல் அரிசோனாவின் சோப்ரெஸ்ட் வழக்கு முடிந்தது. செவித்திறன் இழந்த மாணவர் ஒருவர் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பாடமும் வழிபாடும் கலந்த அந்த இடத்தில், அரசுச் சம்பளம் பெறும் சைகை மொழிபெயர்ப்பாளர் அமரலாமா என்பதே கேள்வி. உதவி பிள்ளைக்கானது, பள்ளிக்கானதன்று என ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் அனுமதித்தனர். அப்போது நியூயார்க்கில் அரசு ஆசிரியர்கள் மதப் பள்ளிகளுக்குள் நுழையவே தடை இருந்தது. பின்தங்கிய பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்ற வேன்களில் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டனர். அந்த அவலம் 1997 தீர்ப்பில்தான் ஒழிந்தது.

அதே ஆண்டுச் சட்டத் திருத்தம் பெற்றோரின் கையை இறுக்கியது. மாவட்டம் தகுந்த கல்வி தரத் தயாராக இருந்தும் பெற்றோர் தம் விருப்பப்படி தனியார் பள்ளியைத் தேர்ந்தால் கட்டணம் கிடையாது; தனிப் பிள்ளைக்கென்று சேவை கேட்கும் உரிமையும் இல்லை. தகுதியுள்ள நூறு பிள்ளைகளில் ஐவரை அவ்வாறு பெற்றோரே சேர்த்திருந்தால், கூட்டாட்சி நிதியில் ஐந்து விழுக்காட்டை மாவட்டம் அந்த ஐவருக்கென ஒதுக்கும். பள்ளிகளோடும் பெற்றோர் பிரதிநிதிகளோடும் கலந்தபின், யாருக்கு என்ன சேவை என்பதை மாவட்டமே முடிவு செய்யும். ஒரே குறை உள்ள இருவரில் ஒருவருக்குப் பேச்சுப் பயிற்சி கிடைக்கலாம், மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். பெற்றோரின் தேர்வுக்குப் பிள்ளை விலை கொடுக்கும் இந்த ஏற்பாடு நியாயமானதல்ல.

2004 திருத்தம் இப்பொறுப்பைப் பிள்ளை வசிக்கும் மாவட்டத்திலிருந்து பள்ளி அமைந்த மாவட்டத்துக்கு மாற்றியது. தனியார் பள்ளிக்கென்று உள்ள கடமை குறைவே: 1990இல் வந்த வேறொரு சட்டப்படி குறைபாட்டைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது. மத அமைப்புகள் நடத்தும் பள்ளிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு.

குறைபாட்டைக் கண்டறியும் மதிப்பீடு மட்டும் எந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் உரியது. அதற்குப் பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.