ஜப்பானியக் கத்தி பரிசு: விலை ஏன் அதிகம்? வாங்குமுன் என்ன பார்க்கவேண்டும்?

ஒசாகா போய்த் திரும்புவோர் பெட்டியில் மிட்டாயோடு இப்போது கத்தியும் வருகிறது. கல்யாணமான தம்பிக்கு, புதுவீடு போகும் தோழிக்கு, சமையலில் ஆர்வமுள்ள அப்பாவுக்கு என்று பரிசாக வாங்குகிறார்கள். சில கடைகளில் பெயரும் பொறித்துத் தருவார்கள்.

விலையைப் பார்த்ததும்தான் கேள்வி வரும்: பேரங்காடியில் சில வெள்ளிக்குக் கிடைக்கிற கத்திதானே, இதுக்கா இவ்வளவு?

பதில், ஒசாகா நகருக்குத் தெற்கே உள்ள சக்காய் நகரின் சின்னச் சின்னக் கொல்லுப்பட்டறைகளில் இருக்கிறது.

சக்காய்க்கு ஏன் அந்தப் பெயர்?

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகப் புகையிலை ஜப்பானுக்கு வந்தது. இலையை மெல்லிசாகச் சீவ நல்ல கத்தி தேவைப்பட்டது. சக்காய்க் கொல்லர்கள் செய்த புகையிலைக் கத்திகளுக்கு எடோ காலத்து ஆட்சியாளர்கள் தனி முத்திரையே கொடுத்தார்கள். சமையல் கத்தியிலும் அந்தப் பெயர் நிலைத்தது. 1982இல் ஜப்பானிய அரசாங்கம் அதைப் பாரம்பரியக் கைவினையாக அறிவித்தது.

எப்படிச் செய்கிறார்கள்?

▪ மென்மையான இரும்பின்மேல் கடினமான எஃகை வைத்து, உலையில் பழுக்கவைத்து, அடித்து ஒட்டுவார்கள். எஃகு வெட்டும், இரும்பு அதை உடையாமல் தாங்கும்.

▪ வடிவம் வந்ததும் களிமண் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கித் தண்ணீரில் முக்குவார்கள். சூட்டை நெருப்பின் நிறத்தைப் பார்த்தே கணிப்பதால் பட்டறையை இருட்டாக வைத்திருப்பார்கள்.

▪ பிறகு இலேசாக மீண்டும் சூடாக்குவார்கள். இல்லாவிட்டால் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கிவிடும்.

முக்கும் அந்தச் சில விநாடிகளில் தகடு வளையலாம், விரிசல் விடலாம். விரிசல் விட்டால் அதுவரை செய்த வேலை வீண்.

'கையால் செய்தது' என்றால் முழுக்கக் கையாலா?

இல்லை. பெரும்பாலான பட்டறைகளில் இயந்திரச் சுத்தியல் உண்டு. ஆனால் தகட்டைப் பிடித்துத் திருப்புவதும், எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பதும் மனிதர்தான்.

ஒரே ஆள் முழுக் கத்தியையும் செய்வது அபூர்வம். கொல்லர் அடிப்பார், இன்னொரு பட்டறையில் சாணை பிடிப்பார்கள், வேறொருவர் கைப்பிடி போடுவார். இவர்களை இணைப்பவர் மொத்த வியாபாரி. அதனால் கத்தியில் இருப்பது பல நேரம் வியாபாரியின் பெயர்தான். அடித்தவர் பெயர் வெளியில் தெரியாது.

நீங்கள் கொடுக்கும் விலை இத்தனை பேருக்கும் பிரிகிறது.

பட்டறைகளின் நிலை என்ன?

பல பட்டறைகள் குடும்பமாக, ஒருசிலர் மட்டும் நடத்துபவை. வெளிநாடுகளில் கிராக்கி கூடியிருக்கிறது. ஆனால் உலை முன் நின்று பல வருஷம் வேலை பழக வருவோர் குறைவு. ஆர்டர் இருந்தும் அடிக்கக் கை போதவில்லை என்பதுதான் சிக்கல். சங்கிலியில் சாணை பிடிப்பவர் ஒருவர் ஓய்வுபெற்றாலும் மற்றவர்கள் வேலை தேங்கும்.

பரிசளிக்குமுன் கவனிக்க:

▪ வாங்கித் தருபவர் இடக்கைப் பழக்கம் உள்ளவரா? பாரம்பரிய ஜப்பானியக் கத்தி பலவற்றுக்கு ஒரு பக்கம்தான் கூர். வலக்கைக் கத்தி அவருக்கு ஒத்துவராது.

▪ மெல்லிய கத்தியால் ஆட்டெலும்பையோ உறைந்த கோழியையோ வெட்டினால் விளிம்பு உடையும். அதைச் சொல்லிக் கொடுங்கள்.

▪ துருப்பிடிக்கும் எஃகா என்று கேளுங்கள். எலுமிச்சை, புளி பட்டால் உடனே கழுவித் துடைக்கவேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம்.

▪ விமானத்தில் கைப்பையில் வைக்கக்கூடாது. நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவேண்டும்.

▪ சிங்கப்பூரில் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றமாகலாம். உறை பிரிக்காமல் நேரே வீட்டுக்குக் கொண்டுபோவது நல்லது.

கத்தியைப் பரிசாகக் கொடுக்கலாமா?

உறவை வெட்டிவிடும் என்ற நம்பிக்கை சீனர்களிடம் உண்டு. நம் வீடுகளிலும் கத்தியைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கச் சொல்வார்கள். ஜப்பானியக் கத்தி வியாபாரிகளோ, அது எதிர்காலத்துக்கு வழி திறக்கும் பொருள் என்பார்கள்.

சீன நண்பர் பதிலுக்கு ஒரு நாணயம் நீட்டினால் மறுக்காதீர்கள். கத்தியை விலைக்கு வாங்கியதாகக் கணக்கு, உறவும் பத்திரம்!