திண்டுக்கல் ரோட்டுக்கு வராத டர்போ கார்

அமெரிக்காவுல பழைய கார்களை ஏலம் விடுற இணையதளங்கள்ல அப்பப்போ ஒரு கறுப்பு கார் விற்பனைக்கு வரும். பேரு பியூக் ஜிஎன்எக்ஸ். 1987-ல மொத்தமே 547 கார்தான் செஞ்சாங்க. டர்போ பொருத்தின அமெரிக்க மசில் கார்னு சொன்னா, கார் பிரியர்கள் முதல்ல சொல்ற பேர் இதுதான்.

அப்படி ஒரு கார் திண்டுக்கல்ல, பழனி ரோட்டு ஓரமா ஒரு ஷெட்டுல 'விற்பனைக்கு'ன்னு அட்டை மாட்டி நிக்குமா? நிக்காது. ஏன் நிக்காதுங்கிற கதையைத்தான் இந்த எபிசோட்ல பேசப் போறோம்.

முதல்ல டர்போன்னா என்ன? திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். பட்டறைத் துருத்தி அங்க எல்லாருக்கும் தெரியும். துருத்தி ஊதினா காத்து கூடும், நெருப்பு சீறும். என்ஜினுக்கு அப்படி ஒரு துருத்திதான் டர்போ. இந்தத் துருத்தியை ஊத ஆள் வேண்டாம். சைலன்சர் வழியா வீணா வெளிய போற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டோட மறுமுனையில இருக்கிற இன்னொரு சக்கரம் காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். 1905-ல ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃப்ரெட் பியூக்கி இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார்.

இது உண்மையிலேயே வேலை செய்யுதான்னு காட்ட ஒரு மலை தேவைப்பட்டுச்சு. மலைமேல காத்து மெலிசு. சுமார் 2,100 மீட்டர் உயரத்துல இருக்கிற நம்ம கொடைக்கானல்ல, கடல்மட்டத்தோட ஒப்பிட்டா காத்தோட அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினுக்குப் பலமும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். சமவெளியில துள்ளி ஓடின வண்டி காட் ரோட்டுல முக்கித் திணறுறதுக்கு ஏற்றத்தோட சேர்ந்து இதுவும் ஒரு காரணம். 1918-ல சான்ஃபோர்ட் மாஸ்ங்கிற அமெரிக்கப் பொறியாளர் ஒரு விமான என்ஜினை லாரியில ஏத்தி, சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். டர்போ இல்லாம 230 குதிரைத்திறன் கொடுத்த என்ஜின், டர்போ மாட்டினதும் 356 கொடுத்துச்சு.

விமானத்துல ஜெயிச்ச அந்தத் துருத்தி, காருக்கு வர 1962 ஆச்சு. அந்த வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ரெண்டு டர்போ கார்களை இறக்குச்சு. ஒண்ணு செவர்லே கார்வேர் மான்சா ஸ்பைடர். இன்னொண்ணு ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்.

ஜெட்ஃபயர் கதை சுவாரஸ்யமானது. காத்தை அமுக்கினா சூடாகும். சூடு கூடினா பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும், என்ஜின் 'டக் டக்'னு தட்டும். அதைத் தடுக்க, சுத்திகரிச்ச தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை என்ஜினுக்குள்ள தெளிக்கிற மாதிரி வடிவமைச்சாங்க. அதுக்குத் தனி டேங்க். தீர்ந்தா வாங்கி ஊத்தணும். நிறைய பேர் ஊத்தலை. டேங்க் காஞ்சதும் டர்போவோட வேகம் தானா அடங்கிடும். "காசு கொடுத்து வாங்கின பலம் எங்கய்யா?"னு உரிமையாளர்கள் கேக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு வருஷத்துல 9,607 கார் செஞ்சதோட நிறுத்திட்டாங்க. பிறகு கம்பெனியே டர்போவைக் கழட்டிட்டு சாதா கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்துச்சு. பல வண்டிகள் அப்படித்தான் தப்பிச்சு ஓடுச்சு. இன்னைக்கு ஜெட்ஃபயர் வாங்க வர்றவங்க முதல்ல கேக்குற கேள்வி: "டர்போ ஒரிஜினலா இருக்கா?"

இந்தக் கேள்வியை ஞாபகம் வச்சுக்கங்க. இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம பக்கத்துக்கு அமெரிக்க கார் வராம இல்லை. 1928-லயே ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில செவர்லே கார்களைப் பூட்டி விக்க ஆரம்பிச்சுடுச்சு. மதுரையில டி.வி. சுந்தரம் அய்யங்கார் கம்பெனி, அதாவது டி.வி.எஸ்., ஜெனரல் மோட்டார்ஸ் ஏஜென்சி எடுத்துச்சு. அப்ப திண்டுக்கல் மதுரை மாவட்டத்துக்குள்ளதான் இருந்தது. தனி மாவட்டமானது 1985-ல. இந்தப் பக்கத்துப் பெரியவங்க காரை இன்னமும் 'பிளஷர்'னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. லாரி சரக்குக்கு, பஸ் சனத்துக்கு, இது சொகுசுக்குன்னு பிரிச்ச 'பிளஷர் கார்'ங்கிற அந்தக் காலத்து வார்த்தை அது.

சுதந்திரத்துக்குப் பிறகு கொள்கை மாறுச்சு. உதிரிபாகங்களை இறக்கிப் பூட்டினா மட்டும் போதாது, இங்கயே படிப்படியா முழுசாத் தயாரிக்கணும்னு 1953-ல சுங்கவரி ஆணையம் சொன்ன பரிந்துரையை அரசு ஏத்துக்கிச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல கடையைக் கட்டுச்சு. மசில் கார் யுகத்தைத் தொடங்கி வச்சதா சொல்ற பான்டியாக் ஜிடிஓ அமெரிக்காவுல வந்தது 1964 மாடலா. 6.4 லிட்டர் என்ஜின், 325 குதிரைத்திறன். அந்த நேரம் நம்ம ரோட்டுல ஓடின அம்பாசடர் 1.5 லிட்டர், சுமார் 50 குதிரைத்திறன். ஆக, மசில் கார் பிறக்கிறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே நாம கதவைச் சாத்திட்டோம். திண்டுக்கல்ல நிக்கக்கூடிய அமெரிக்க கார்னா அது பெரும்பாலும் அதுக்கு முந்தின தலைமுறையோட செவர்லே, டாட்ஜ், பிளிமத்தாத்தான் இருக்கும்.

அடுத்து 1973. கச்சா எண்ணெய் விலை சில மாசத்துல கிட்டத்தட்ட நாலு மடங்காச்சு. அந்த ஒரே அடி ரெண்டு நாட்டுலயும் விழுந்துச்சு, ஆனா ரெண்டு விதமான பதிலை உண்டாக்குச்சு. அமெரிக்காவுல எட்டு சிலிண்டர் பூதங்கள் ஓரங்கட்டப்பட்டுச்சு. பியூக் கம்பெனி ஆறு சிலிண்டர் என்ஜினுக்கு டர்போ மாட்டி அந்தப் பலத்தைத் திரும்பப் பிடிக்கப் பாத்துச்சு. அந்த வழியோட உச்சம்தான் நாம தொடக்கத்துல பாத்த ஜிஎன்எக்ஸ்: 3.8 லிட்டர், கம்பெனி சொன்ன கணக்குப்படி 276 குதிரைத்திறன்.

இங்க என்ன ஆச்சு? பழைய அமெரிக்க கார்களோட பெரிய பெட்ரோல் என்ஜினுக்குத் தீனி போடக் கட்டுப்படியாகலை. மெக்கானிக்குகள் என்ஜினையே இறக்கிட்டு பெர்கின்ஸ் மாதிரி டீசல் என்ஜினை ஏத்தினாங்க. பானட்டைத் திறந்தா உள்ள லாரி சத்தம். ஆனா வண்டி ஓடுச்சு. கல்யாண ஊர்கோலத்துக்கும், ஆஸ்பத்திரி அவசரத்துக்கும், வாடகைக்கும் ஓடுச்சு. ஓடினதாலதான் காயலான் கடைக்குப் போகாம மிஞ்சுச்சு.

டர்போவும் கடைசியில நம்ம ரோட்டுக்கு வந்துச்சு, வேற வாசல் வழியா. 1982-ல டி.வி.எஸ். குழுமத்தோட தொடர்புள்ள டர்போ எனர்ஜி நிறுவனம் தமிழ்நாட்டுல தொடங்குச்சு. மதுரையில செவர்லே வித்த அதே பரம்பரை, இப்ப டர்போ செய்யுது. அது போய் உக்காந்தது ரேஸ் கார்ல இல்லை, டீசல் வண்டிகள்ல. 2000-க்கு அப்புறம் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, டீசல்னாலே டர்போன்னு ஆயிடுச்சு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளி ஏத்திட்டுக் கிளம்புற லாரியும், வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏறுற பஸ்ஸும், பைக்ஸ் பீக்ல நிரூபிச்ச அந்தத் துருத்தியாலதான் மூச்சு வாங்காம ஏறுது.

இப்ப அந்தக் கேள்விக்குத் திரும்புவோம்: "ஒரிஜினலா இருக்கா?" 2021-ல மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்துச்சு. 50 வயசு தாண்டின கார், பைக்குக்கு 'விஏ'ன்னு எழுத்து போட்ட நம்பர் பிளேட். புதுசா பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனா ஒரு நிபந்தனை உண்டு: சேசிஸ், பாடி, என்ஜின் இதுல பெருசா மாத்தம் செஞ்சிருக்கக் கூடாது. அதாவது, ஷெட்டுக்குள்ள போத்தி வச்சிருந்த பணக்கார வீட்டு செவர்லேவுக்கு மரியாதை கிடைக்கும். டீசல் என்ஜின் மாட்டி அம்பது வருஷம் உழைச்ச செவர்லேவுக்கு அந்தப் பிளேட் கிடைக்கிறது கஷ்டம்.

விதிக்கும் ஒரு நியாயம் இருக்கு. பழசைப் பழசாவே காப்பாத்தணும்னு நினைக்கிறது தப்பில்லை. ஆனா ஒரு வண்டியோட வரலாறு, அது ஃபேக்டரி கேட்டைத் தாண்டின அன்னைக்கே முடிஞ்சு போறதில்லை. எந்த வருஷம் பெட்ரோல் கட்டுப்படியாகாமப் போச்சு, எந்தப் பாகம் கிடைக்கலை, எந்தப் பட்டறை அதுக்கு வழி கண்டுபிடிச்சுதுங்கிறதெல்லாம் அந்த மாத்தின என்ஜின்லதான் பதிஞ்சிருக்கு.

அடுத்த தடவை திண்டுக்கல் பக்கம் பழைய செவர்லே ஒண்ணு விற்பனைக்கு நின்னு, பானட்டுக்குள்ள லாரி என்ஜின் இருந்தா, விலை பேசுறதுக்கு முன்னாடி யார் மாட்டினது, எப்ப மாட்டினதுன்னு கேட்டு எழுதி வச்சுக்கங்க. ஆர்.சி. புக்குல அதுக்குப் பதில் முழுசா இருக்காது. மாட்டின மெக்கானிக்குக்கு இப்ப எழுபது, எண்பது வயசு இருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.