குட்டியும் குலமும்

பந்தயக் குதிரை வாங்குவோர் ஓராண்டுக் குட்டியொன்றின் காலையும் தோளையும் நோக்குவதோடு நின்றுவிடுவதில்லை. தாயைக் காட்டச் சொல்வர். அதன் மூத்த குட்டிகள் எங்கே உள்ளன என வினவுவர். முழு வளர்ச்சி பெறாத குட்டி நாளை எவ்வுருவம் கொள்ளும் என்பதை ஓரளவு உறவினங்களே உரைக்கின்றன. எந்த உறவினத்தை நம்புவது என்பதிலேதான் அனுபவசாலிகளும் தடுமாறினர்.

கனடாவில் ஈ. பி. டெயிலர் என்பாரின் பண்ணையிலே 1961ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் பிறந்தது நோர்தர்ன் டான்சர். அடுத்த ஆண்டு 25,000 டொலர் விலை குறிக்கப்பட்டு விற்பனைக்கு நின்றபோது அதனை வாங்குவாரில்லை. குட்டி குள்ளமாயிருந்தது. அதன் தாய் நட்டால்மா 1960இல் முழங்கால் எலும்பிலே காயமுற்று, இனப்பெருக்கப் பருவத்தின் இறுதியிலேதான் நியார்க்டிக் என்ற ஆண்குதிரையுடன் சேர்க்கப்பட்டது. ஆதலின் குட்டியும் காலந்தாழ்த்தியே பிறந்தது. சில மாதம் மூத்த குட்டிகளின் வரிசையில் அது சிறிதாய்த் தோன்றியதில் வியப்பில்லை. தாயின் முழங்காலைப் பார்ப்பவன் பிரித்தறிய வேண்டியது ஒன்றுண்டு. ஓட்டத்திலே நேர்ந்த காயம் குட்டிக்குச் செல்லாது. பிறவியிலேயே கோணிய முழங்கால் செல்லக்கூடும். ஒரே கோணல் உடன்பிறப்புகள் மூன்று நான்கில் காணப்படுமாயின் அது குலவழி வந்ததென எண்ண இடமுண்டு.

விலைபோகாத அக்குட்டி 1964இல் கெண்டக்கி டேர்பிப் பந்தயத்தை இரண்டே நிமிடங்களில் ஓடி, அதுவரை எக்குதிரையும் காணாத வேகத்தில் வென்றது. எனினும் வளர்ந்த பின்னும் அதன் உயரம் ஏறத்தாழ 62 அங்குலமே.

இனி, தந்தை குள்ளமெனின் மக்களும் குள்ளமோ? 1968இல் அயர்லாந்துப் பயிற்றுநர் வின்சென்ட் ஓபிரையன் வேறொரு குட்டியைப் பார்க்கவே டெயிலரின் பண்ணைக்குச் சென்றார். அது அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. நோர்தர்ன் டான்சரின் மகனொன்று கண்ணிற் பட்டது. பெருத்த உடல், நீண்ட கால்கள்; தந்தையின் சாயல் அதிலே சிறிதுமில்லை. அந்த வளர்த்தி தாய் பிளேமிங் பேஜ் வழங்கியது. ஓபிரையனின் சொற்கேட்டு அமெரிக்கச் செல்வர் சார்ள்ஸ் எங்கல்ஹார்ட் 84,000 டொலர் கொடுத்து அதனை வாங்கினார். நிஜின்ஸ்கி எனப் பெயர் பெற்ற அது 1970இல் இங்கிலாந்தின் மும்மகுடத்தை வென்றது. 1935இல் பஹ்ராம் என்ற குதிரை வென்றபின் அப்பேறு எதற்கும் கிட்டியதில்லை. தந்தையின் புகழை மட்டும் கேட்டு விலை பேசுவோர் பாதிக் குதிரையையே பார்க்கின்றனர் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆயினும் தாய்வழியையே பிடித்துக்கொள்வதும் பிழையாகும். பிளேமிங் பேஜின் மகள் பிளோர். அதனை நோர்தர்ன் டான்சருடன் சேர்த்ததிற் பிறந்தது மின்ஸ்ட்ரல். நிஜின்ஸ்கிக்கும் இதற்கும் தந்தை ஒன்றே. ஒன்றின் தாய் மற்றதன் பாட்டி. இத்துணை நெருங்கிய உறவிருந்தும், இதுவோ தந்தையைப் போன்றே சிறிய உருவம். செந்நிறம், நான்கு கால்களும் வெண்மை. வெள்ளைக்கால் குதிரையை ஐயுறுவது மேனாட்டுக் குதிரைக்காரரின் பழைய வழக்கம். நிஜின்ஸ்கியைப் பயிற்றியவரான ஓபிரையனோ இக்குலத்தின் இரு சாயல்களையும் நன்கறிந்தவர். 1975இல் கெண்டக்கியின் கீன்லண்ட் ஏலத்திலே அவரும் கூட்டாளிகளும் 200,000 டொலருக்கு அதனை வாங்கினர். 1977இல் எப்சம் டேர்பியை அது வென்றது. ஐரிஷ் டேர்பியும் அவ்வாண்டு அதற்கே கிட்டியது.