'டேக்' என்னும் வினையும் சயாம் மாணவரும்

  

வேற்றுமை ஏற்காது, காலம் காட்டும்: வினைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் கூறிய இலக்கணம் இது. வினையியல் ஓதியவர்க்குப் பாலபாடம். சயாம் (இன்றைய தாய்லாந்து) மொழி வினையோ காலத்தால் உருத் திரிவதில்லை. உண்பது 'கின்', நேற்றைக்கும் நாளைக்கும் அதுவே. வேண்டுமானால் எதிர்காலத்துக்கு முன்னே 'ச', முடிந்ததற்குப் பின்னே 'லேவ்' வந்து சேரும். இப்படிப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் 'டேக், டுக், டேக்கன்' என்று ஒரே வினை மூன்று வேடம் புனைவதைக் கண்டு திகைக்காமல் என்ன செய்யும்?

பொருளிலும் இடர் உண்டு. 'டேக்' என்பதற்குச் சயாமில் 'ஆவ்' என்று மாணவர்கள் பாடம் செய்துவிடுகிறார்கள். கையால் எடுக்கும் பொருளுக்கு அது சரி. மருந்தை ஆங்கிலேயர் 'டேக்' செய்வார். சயாமியர் 'கின் யா' என்று உண்பார். குளியலுக்கு 'ஆப் நாம்', படம்பிடிக்க 'தாய் ரூப்', நேரம் பிடிப்பதற்கு 'சாய் வேலா', டாக்சியில் போவதற்கு 'நாங்'. ரூபமும் வேளையும் அங்கே குடியேறி உறவாடுவதைக் கவனியுங்கள். வடமொழிச் செல்வம் இரு நாட்டுக்கும் பொது.

திசையும் ஒரு சிக்கல். சயாமில் 'ஆவ்' என்பதோடு 'பை' சேர்ந்தால் கொண்டுபோவது, 'மா' சேர்ந்தால் கொண்டுவருவது. ஆங்கிலம் அந்தத் திசையை வினைக்குள்ளேயே புதைத்து 'டேக்', 'பிரிங்' என இரண்டாக்கியது. ஆளை அழைத்துப் போவதற்குச் சயாமில் 'பா' என்று வேறு வினையே உண்டு. இவ்விடத்தில் சயாம் மொழியே நுட்பமானது என்பேன்.

சயாமியர் ஆங்கிலம் கற்பது புதிதன்று. சயாம் மன்னர் மோங்குட் 1824 முதல் 1851 வரை துறவியாயிருந்து பாலி மொழியில் துறைபோனவர். அக்காலத்திலேயே பாதிரியார் பல்லகுவாவிடம் லத்தீனும், அமெரிக்க மிஷனரி காஸ்வெல்லிடம் ஆங்கிலமும் கற்றார். அரியணை ஏறியபின் ஆங்கிலக் கடிதங்களைத் தாமே எழுதினார். பல்லகுவா 1854இல் பாரிசில் வெளியிட்ட அகராதி, சயாம் சொல்லுக்கு லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் பொருள் தந்தது.

சயாமில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் நம் இளைஞர்கள் 'டேக்' என்பதைத் தனித்து நிறுத்திப் பொருள் எழுதவேண்டா. மருந்தோடு, குளியலோடு, படத்தோடு, நேரத்தோடு இணைத்து முழுத்தொடராகவே சொல்லிக்கொடுங்கள்; 'ஆவ்' பிற்பாடு வரட்டும்.